யூஆர்எல் பார்சருக்கு ஆவணம்: அது செய்யாததை முதலில் எழுதுங்கள்

இணைய முகவரியைப் பிரிக்கும் மாட்யூலுக்கு டாக்குமெண்டேஷன் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தில்தான் தொடங்குகிறார்கள். ஸ்கீம், ஹோஸ்ட், போர்ட், பாதை, க்வெரி, ஃபிராக்மென்ட் என்று ஆறு பெட்டி, ஆறு நிறம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது தெரியாத யாரும் அந்தப் பக்கத்துக்கு வருவதில்லை. வருபவர் கையில் ஏற்கெனவே ஒரு முகவரி இருக்கிறது. அது நினைத்தபடி பிரியவில்லை, அல்லது பிரிந்தும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இந்த மாட்யூல் எதைச் செய்யாது, எங்கே சும்மா இருந்துவிடும் என்பதுதான் அவர் தேடி வந்தது.

பெங்களூருவில் பைத்தான் எழுதும் டீம்களில் அடிக்கடி வரும் வேலை இது: பைத்தானோடு வரும் முகவரி மாட்யூலான யூஆர்எல்லிப்.பார்ஸ் மேல் மெல்லிதாக ஒரு உள் லைப்ரரி போட்டிருப்பார்கள், அதற்கு யாராவது ஆவணம் எழுத வேண்டும். டீமில் தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம், இந்தி எல்லாம் உண்டு. ஆவணம் ஆங்கிலத்தில் இருக்கும். கோயம்புத்தூரிலிருந்து போன மாதம் வேலைக்குச் சேர்ந்தவரும் படிப்பார், கோ மொழியிலிருந்து வந்த சீனியரும் படிப்பார். அந்த இருவரையும் மனதில் வைத்தே கீழே உள்ளவற்றைச் சொல்கிறோம். உதாரணங்களுக்குப் பைத்தானை எடுத்துக்கொள்கிறோம். எந்த மொழி மாட்யூலானாலும் பிரச்சினைகள் கிட்டத்தட்ட இவையேதான்.

முதல் பத்தியில் மூன்று விஷயம் வந்துவிட வேண்டும். இந்த மாட்யூல் முகவரியைப் பிரிக்கும். அது செல்லுபடியாகும் முகவரியா என்று பார்க்காது. எந்தத் தரத்தின்படி பிரிக்கிறது. கடைசி விஷயத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இணையத் தர ஆவணங்களான ஆர்எஃப்சி வரிசையில் 1994-இல் வந்த 1738, 1995-இன் 1808, 1998-இன் 2396, 2005-இன் 3986, இவை போக பிரவுசர்கள் பின்பற்றும் வாட்-டபிள்யூ-ஜி தரம் என்று இத்தனை இருக்கின்றன. பைத்தான் மாட்யூல் இவற்றில் எதையும் நூற்றுக்கு நூறு பின்பற்றுவதில்லை. பழைய வழக்கங்களை விடாமல் வைத்துக்கொண்டு, பாதுகாப்புப் பிரச்சினை வரும்போது பிரவுசர் பக்கம் கொஞ்சம் நகர்கிறது. அதன் அதிகாரப்பூர்வ ஆவணத்திலேயே, இந்த ஃபங்ஷன்கள் உள்ளீட்டைச் சரிபார்ப்பதில்லை என்று தனிப் பகுதி இருக்கிறது. உங்கள் உள் லைப்ரரி அதன் மேல் உட்கார்ந்திருந்தால் அந்த எச்சரிக்கையும் சேர்ந்தே வருகிறது. இணைப்பு கொடுத்துவிட்டு நகராமல், உங்கள் பக்கத்திலேயே ஒரு வரி எழுதுங்கள்.

யூஆர்எல்பார்ஸ், யூஆர்எல்ஸ்ப்ளிட் இரண்டில் எதைப் பயன்படுத்துவது என்ற கேள்விக்கு அதிக இடம் வேண்டாம். முன்னது 6 பகுதி தரும், பின்னது 5. கூடுதலாக வருவது, பாதையின் கடைசித் துண்டில் ; குறிக்குப் பின்னால் இருக்கும் பகுதி. 1808 காலத்து மிச்சம் அது. புதிய நிரலுக்கு யூஆர்எல்ஸ்ப்ளிட் போதும் என்று எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

இரட்டைச் சாய்கோடு இல்லாதபோது

ஆவணத்தில் முதல் உதாரணமாக ஒழுங்கான முகவரியைப் போடாதீர்கள். மக்கள் உண்மையில் தட்டும் முகவரியைப் போடுங்கள்:

உதாரணம்.பரிட்சை/பாதை/பக்கம்

இதைக் கொடுத்தால் ஹோஸ்ட் வெறுமையாக வரும். முழுச் சரமும் பாதைக்குள் போய்விடும். // இருந்தால்தான் அதன் பின்னால் வருவதை மாட்யூல் நெட்லோக் (ஹோஸ்ட், போர்ட் எல்லாம் சேர்ந்த பகுதி) என்று எடுத்துக்கொள்ளும். பிழை எதுவும் எழாது. ஹோஸ்ட் ‘நன்’, அதாவது மதிப்பே இல்லை என்று வரும், அதன் மேல் யாரோ லோயர் கூப்பிடுவார்கள், நான்கு ஃபைல் தள்ளி எங்கேயோ அட்ரிபியூட் எரர் விழும்.

இதற்கு அண்ணன் இன்னொன்று: லோக்கல்ஹோஸ்ட்:8080/நலம். கான்ஃபிக் ஃபைல்களில் தினமும் பார்ப்பது. பைத்தானில் இதன் ஸ்கீம் ‘லோக்கல்ஹோஸ்ட்’, பாதை ‘8080/நலம்’. பிரவுசரின் யூஆர்எல் ஆப்ஜெக்டும் கிட்டத்தட்ட இப்படித்தான் பிரிக்கும். முதல் : குறிக்கு முன்னால் இருப்பது ஸ்கீம் போலத் தெரிகிறது, அவ்வளவுதான் காரணம். காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால் படிப்பவர் அடுத்த பத்து விசித்திரங்களைத் தானே ஊகித்துக்கொள்வார். ‘இது எதிர்பாராத விளைவைத் தரலாம்’ என்ற மழுப்பல் வாக்கியம் யாருக்கும் பயன்படாது.

பிழை எப்போது எழும்

ஆவணங்களில் பொதுவாக ‘வேல்யூ எரர் எழுப்பும்’ என்று இருக்கும். எந்தப் பிழை என்பதோடு எந்த நொடியில் என்பதும் முக்கியம். போர்ட் எண் 99999 என்று கொடுத்தால் யூஆர்எல்ஸ்ப்ளிட் வாயைத் திறக்காது. விடையை அச்சிட்டுப் பார்த்தாலும் எல்லாம் நன்றாகவே தெரியும், ஏனென்றால் அங்கே போர்ட் தனியாக இல்லை, நெட்லோக்குக்குள் சரமாகக் கிடக்கிறது. விடையின் போர்ட் பண்பைத் தொடும்போதுதான் 0 முதல் 65535 வரைக்குள் இருக்கிறதா என்று பார்த்துப் பிழை எழுப்பும். ஆக பிழையைப் பிடிக்கும் ட்ரை பிளாக்கை, பிரிக்கும் வரியைச் சுற்றி மட்டும் போட்டவருக்கு அதனால் பயனில்லை. சதுர அடைப்பு ஒன்று மட்டும் இருந்தாலோ, நேர்மாறாக, பிரிக்கும்போதே பிழை வரும். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுங்கள்.

இதே இடத்தில் இன்னும் ஆழமான குழி ஒன்று உண்டு: டேட்டாபேஸ் இணைப்பு முகவரி. பாஸ்வேர்டில் # இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

போஸ்ட்கிரெஸ்://பயனர்:மிளகு#7@டிபி.பரிட்சை/கணக்கு

நெட்லோக் என்பது // முடிந்த இடத்திலிருந்து முதல் / அல்லது ? அல்லது # வரை. இங்கே # முதலில் வந்துவிட்டது. ஆகவே நெட்லோக் ‘பயனர்:மிளகு’. அதில் @ இல்லை. எனவே ஹோஸ்ட் ‘பயனர்’, போர்ட் ‘மிளகு’. போர்ட்டைத் தொட்டவுடன் பைத்தான் சொல்லும்: ‘மிளகு’ என்பதை எண்ணாக மாற்ற முடியவில்லை. அந்தச் செய்தி அப்படியே லாகில் போய் உட்காரும். பாஸ்வேர்டின் பாதி, எல்லோரும் படிக்கும் லாகில்.

இதை ஆவணத்தில் ஒரு வரியில் கடந்துவிடக் கூடாது. மூன்று விஷயம் சேர்த்து எழுத வேண்டும். ஒன்று, முகவரியைக் கட்டுபவர் பாஸ்வேர்டை மட்டும் தனியாக, சிறப்புக் குறிகளை % வடிவத்துக்கு மாற்றும் குவோட் ஃபங்ஷனில் போட வேண்டும். இரண்டு, அப்படிப் போடும்போது சேஃப் என்ற அளவுருவை வெற்றுச் சரமாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அதன் இயல்பு மதிப்பு /, அதாவது பாஸ்வேர்டில் உள்ள சாய்கோட்டை அது தொடாது, மறுபடி அதே இடத்தில் உடையும். மூன்று, யூசர்நேம், பாஸ்வேர்ட் பண்புகளைப் படிக்கும்போது மாட்யூல் அவற்றைத் திரும்ப அவிழ்த்துத் தராது. # இருந்த இடத்தில் %23 என்றே வரும். படிப்பவர்தான் அன்குவோட் செய்ய வேண்டும். மூன்றில் எது விட்டுப்போனாலும், உள்ளே நுழைய முடியவில்லை என்று வரும் டிக்கெட்டுக்கு யாரும் முகவரிப் பிரிப்பைச் சந்தேகிக்க மாட்டார்கள். பாஸ்வேர்ட் தப்பு என்று நினைத்து மாற்றுவார்கள், புதியதில் # இல்லாவிட்டால் ‘சரியாகிவிட்டது’ என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள்.

க்வெரிப் பகுதி

க்வெரியைப் பெயர், மதிப்பு என்று பிரிக்கும் பார்ஸ்_க்யூஎஸ் தரும் ஒவ்வொரு மதிப்பும் ஒரு லிஸ்ட். புதிதாக வருபவர் முதலில் தடுக்குவது இங்கேதான், ஆனால் ஒரு உதாரணத்தில் தெளிந்துவிடும். தெளியாதது வெற்று மதிப்பு. வடிகட்டி=&பக்கம்=2 என்று வந்தால் வடிகட்டி என்ற பெயரே விடையில் இருக்காது. ‘வடிகட்டியை நீக்கிவிடு’ என்று பயனர் அனுப்பியதும், வடிகட்டியைப் பற்றி எதுவுமே அனுப்பாததும் உங்கள் சேவைக்கு ஒன்றாகிவிடும். கீப்_பிளாங்க்_வேல்யூஸ் என்பதை ட்ரூ ஆக்கினால்தான் தங்கும். உள் லைப்ரரி எழுதுபவர்கள் இந்த இயல்பை மாற்றியிருந்தால் அதைப் பெரிதாக எழுத வேண்டும். மாற்றாவிட்டால் அதைவிடப் பெரிதாக.

+ குறி நம் ஊரில் தனித் தலைவலி. க்வெரிக்குள் + என்றால் இடைவெளி. மொபைல் எண்ணை +91 என்று தொடங்கி அப்படியே க்வெரியில் போட்டால், மறுபக்கம் முன்னால் ஒரு இடைவெளியும் 91-உம் வரும். பாதைப் பகுதியில் + என்பது + மட்டுமே. குவோட், குவோட்_பிளஸ், அன்குவோட், அன்குவோட்_பிளஸ் என்று நான்கு ஃபங்ஷன் இருப்பதற்கு இதுதான் காரணம். எதற்கு எது ஜோடி, எது பாதைக்கு, எது க்வெரிக்கு என்பதை நாலு வரி அட்டவணையாகப் போடுங்கள். இந்த மாட்யூலில் அட்டவணை உண்மையிலேயே உதவும் இடம் இது ஒன்றுதான் என்பது எங்கள் எண்ணம்.

அவிழ்க்கும் வரிசையையும் சொல்லுங்கள்: முதலில் பிரி, பிறகு அவிழ். தலைகீழாகச் செய்தால் மதிப்புக்குள் ஒளிந்திருந்த %26 வெளியே வந்து & ஆகி, ஒரு அளவுரு இரண்டாகப் பிளந்துவிடும். இரண்டு முறை அவிழ்ப்பதும் அதே ரகம். %2520 என்பதை ஒருமுறை அவிழ்த்தால் %20, இன்னொருமுறை அவிழ்த்தால் இடைவெளி. நடுவில் உள்ள ப்ராக்ஸி ஒருமுறை அவிழ்க்கிறதா என்று பார்க்காமல் நிரலில் இன்னொரு அன்குவோட் சேர்ப்பவர்கள் நிறைய.

தமிழ் எழுத்து உள்ள முகவரி

ஆங்கில உதாரணங்கள் மட்டும் உள்ள ஆவணம், இந்திய மொழித் தேடல் சொற்களைக் கையாளும் டீமுக்குப் பாதிதான் பயன்படும். ஒரு தமிழ் யூனிகோடு குறி யூடிஎஃப்-8-இல் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் % சேர்ந்து 3 எழுத்து. ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. ‘பெங்களூரு’ என்பதில் புள்ளி, துணைக்குறி எல்லாம் சேர்த்து 9 குறிகள். குவோட் செய்தால் 81 எழுத்து. முகவரியைச் சேமிக்கும் டேட்டாபேஸ் நெடுவரிசைக்கு யாரோ 255 என்று எல்லை வைத்திருந்தால், பெங்களூரு என்று மூன்று முறை எழுதினாலே 243 தீர்ந்துவிடும். இந்தக் கணக்கை ஆவணத்தில் போட்டுவிட்டால் டேட்டாபேஸ் வடிவமைப்பவர் தானாகவே சுதாரித்துக்கொள்வார்.

இதைவிட நுட்பமானது, ஒரே மாதிரி தெரியும் இரண்டு சரங்கள். ‘கோரமங்கலா’ என்பதில் உள்ள ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரமும் ஓகாரக் குறியும் என 2 குறிகள், அல்லது ககரம், ஏகாரக் கொம்பு, கால் என 3 குறிகள். திரையில் வித்தியாசமே தெரியாது. குவோட் செய்தால் ஒன்று 81 எழுத்து, மற்றது 90. கேஷில் இரண்டு பதிவு, ஒன்று கிடைக்கும், ஒன்று 404 தரும். குவோட் ஃபங்ஷன் இதைச் சமன்படுத்தாது. முன்னதாகவே யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸில், இரண்டையும் ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்ற வேண்டும். எங்கே மாற்றுவது என்பதையும் எழுதுங்கள்: வெளியிலிருந்து சரம் உள்ளே வரும் வாசலில், ஒரே ஒரு இடத்தில். பார்சருக்கு உள்ளே செய்தால், மற்றவர் அனுப்பிய முகவரியை நீங்கள் திருத்தியதாகிவிடும். கையொப்பமிட்ட முகவரிகள் செல்லாமல் போகும்.

ஹோஸ்ட் பெயரே தமிழில் இருந்தால்? பிரவுசர் அதைப் பியூனிகோடாக, அதாவது ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட வடிவமாக, மாற்றிக்கொள்ளும். யூஆர்எல்ஸ்ப்ளிட் மாற்றாது, வந்தபடியே தரும். அனுமதிப் பட்டியலோடு ஒப்பிடும் நிரல் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே வடிவத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். இன்னொரு சின்ன விஷயம்: ஹோஸ்ட்நேம் பண்பு ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தாக்கித் தரும், நெட்லோக் தராது. ஒப்பிடுவதற்கு எது என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது.

முகவரிகளை இணைக்கும்போது

யூஆர்எல்ஜாயின் பற்றி எழுதும்போது அடிப்படை முகவரி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பெங்களூருவில் ‘5-வது மெயின், 3-வது கிராஸ்’ என்று மட்டும் சொன்னால் எந்த லேஅவுட் என்று ஆட்டோக்காரர் கேட்பார். எல்லா லேஅவுட்டிலும் அது இருக்கிறது. சார்பு முகவரியும் அப்படித்தான். எந்த அடிப்படையோடு சேர்கிறது என்பதைப் பொறுத்து ஆள் வேறு ஊருக்குப் போய்விடலாம்.

கடைசிச் சாய்கோடு ஒன்றே போதும் விஷயத்தைக் காட்ட. அடிப்படை /ஏபிஐ/வி2 என்று முடிந்து, சேர்ப்பது ‘பயனர்கள்’ என்றால் கிடைப்பது /ஏபிஐ/பயனர்கள். வி2 காணாமல் போய்விடும். அடிப்படை /ஏபிஐ/வி2/ என்று முடிந்தால் /ஏபிஐ/வி2/பயனர்கள். சேர்ப்பது /பயனர்கள் என்று சாய்கோட்டில் தொடங்கினால் பாதை முழுவதும் போய் /பயனர்கள் மட்டும் மிஞ்சும். சேர்ப்பது //வேறு.பரிட்சை என்றால் ஹோஸ்டே மாறிவிடும். இந்த நாலையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டுங்கள். தனித்தனிப் பத்தியில் விளக்கினால் யாரும் ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார்கள். ஆர்எஃப்சி 3986-இன் 5.4-ஆம் பகுதி செய்திருப்பதும் இதுதான். டெஸ்டுக்கும் அந்தப் பட்டியலையே எடுத்துக்கொள்ளலாம். எஸ்3:// போல மாட்யூலுக்குத் தெரியாத ஸ்கீம் வந்தால் அது இணைக்கவே இணைக்காது, சேர்க்கக் கொடுத்ததை மட்டும் திருப்பித் தரும். இதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

லாகின் முடிந்ததும் திரும்பிப் போக வேண்டிய முகவரியைச் சரிபார்க்க இந்த மாட்யூலைப் பலர் பயன்படுத்துகிறார்கள். நெட்லோக் வெறுமையாக இருந்தால் நம் தளத்துக்குள்தான் என்று முடிவு கட்டுகிறார்கள். ///வேறு.பரிட்சை என்று மூன்று சாய்கோடு கொடுத்துப் பாருங்கள்: பைத்தானில் நெட்லோக் வெறுமை, பிரவுசரோ நேரே வேறு தளத்துக்குப் போகும். /\வேறு.பரிட்சை என்று பின்சாய்கோடு வைத்தாலும் அதே கதை, ஏனென்றால் பிரவுசர் \ குறியை / ஆகவே படிக்கிறது. சரிபார்ப்பவரும் போகிறவரும் ஒரே முகவரியை வேறு வேறாகப் படிக்கும் இடத்தில்தான் ஓட்டை. பைத்தானின் வலை ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் இதற்கென்றே தனி ஃபங்ஷன் இருக்கிறது, இந்த இரண்டையும் அது கவனிக்கிறது. ‘இந்த வேலைக்கு இந்த மாட்யூல் போதாது’ என்று எழுதி, எதைப் பயன்படுத்துவது என்றும் சொல்லுங்கள். தடை மட்டும் போட்டு வழி காட்டாத ஆவணத்தை மக்கள் மதிப்பதில்லை.

உதாரணங்களை ஓட விடுங்கள்

பக்கத்தில் உள்ள ஒவ்வொரு உதாரணமும், ஆவண உதாரணங்களை ஓட்டிச் சரிபார்க்கும் டாக்டெஸ்டில் ஓட வேண்டும், ஓடாவிட்டால் மெர்ஜ் ஆகக் கூடாது. யூஆர்எல் மாட்யூலில் இது மற்ற இடங்களைவிட அதிகம் தேவை, காரணம் கீழே வரும். எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில: டாக்ஸ்ட்ரிங்கில் பின்சாய்கோடு, டேப், புதுவரிக் குறி உள்ள முகவரிகள் வரும் என்பதால் அதை ரா சரமாகத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் பைத்தான் அவற்றை உதாரணத்துக்கு முன்பே விழுங்கிவிடும். விடை ஒரு வரிக்கு மேல் நீளும் என்பதால் நார்மலைஸ்_வைட்ஸ்பேஸ் தேர்வைப் போட்டு வரியை மடக்குங்கள். பிழை எழுவதைக் காட்டும்போது ட்ரேஸ்பேக்கின் தலைப்பு வரியும் கடைசி வரியும் போதும், நடுவில் மூன்று புள்ளி.

உதாரணத்தில் நிஜத் தளங்களின் பெயரைப் போடாதீர்கள். எக்ஸாம்பிள்.காம் இதற்காகவே 1999-இன் ஆர்எஃப்சி 2606-இல் ஒதுக்கப்பட்டது. ஐபி எண் வேண்டுமானால் 192.0.2.0/24, 198.51.100.0/24, 203.0.113.0/24 மூன்றும் ஆவணங்களுக்கு என்றே வைத்தவை. இங்கே நாங்கள் எழுதும் ‘பரிட்சை’, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2007-இல் பன்மொழிப் பெயர்களைச் சோதிக்க இயக்கிய 11 மேல்நிலைப் பெயர்களில் தமிழுக்கானது, பின்னர் நீக்கிவிட்டார்கள். தமிழ் ஹோஸ்டைக் காட்ட அது வசதி, ஆனால் முறைப்படி ஒதுக்கியது அல்ல. வெளியே போகும் ஆவணத்தில் எக்ஸாம்பிளோடு நிற்பதே நல்லது.

வேறு மொழியிலிருந்து வருபவருக்கு இரண்டு வரி: ஜாவாஸ்கிரிப்டில் ‘ஹோஸ்ட்’ என்றால் போர்ட்டும் சேர்ந்தது, ‘ஹோஸ்ட்நேம்’ என்றால் சேராதது, அங்கே போர்ட் ஒரு சரம், எச்டிடிபிஎஸ்-க்கு 443 என்று எழுதினாலும் வெறுமையாகத்தான் வரும். பைத்தானில் போர்ட் எண் அல்லது நன், 443 என்று எழுதியிருந்தால் 443. கோ மொழியில் போர்ட் ஒரு சரம்.

இனி வெர்ஷன். இந்த மாட்யூலின் நடத்தை பாதுகாப்புத் திருத்தங்களால் பேட்ச் வெளியீடுகளிலேயே மாறியிருக்கிறது. ஊர்=பெங்களூரு;பகுதி=அல்சூர் என்ற க்வெரி ஒரு காலத்தில் இரண்டு அளவுரு. 3.9.2-இலிருந்து & மட்டுமே பிரிப்பான்; ஊர் என்பதன் மதிப்பு ‘பெங்களூரு;பகுதி=அல்சூர்’ என்று ஒரே சரமாக வரும். 3.9.5-இலிருந்து முகவரிக்குள் உள்ள டேப், புதுவரிக் குறிகள் நீக்கப்படுகின்றன. 3.11.4-இலிருந்து முன்னால் உள்ள இடைவெளியும் நீக்கப்படுகிறது, பின்னால் உள்ளது அப்படியே இருக்கும். அதற்கு முன்பு, ஒரு இடைவெளியில் தொடங்கிய முகவரி ஸ்கீமே இல்லாதது போலத் தோன்றி, தடைப் பட்டியலைத் தாண்டிப் போய்விடும்.

ஆகவே ‘3.10-இல் மாறியது’ என்று எழுதினால் போதாது. முதலில் எந்தப் பேட்சில் வந்ததோ அந்த எண்ணைப் போடுங்கள், பழைய விடையையும் புதிய விடையையும் பக்கத்தில் வையுங்கள். லேப்டாப்பில் 3.12, கண்டெய்னர் இமேஜில் யாரும் தொடாத 3.9.1 என்று இருக்கும் டீம்கள் இந்த ஊரில் ஏராளம். டாக்டெஸ்டை இரண்டிலும் ஓட்டுங்கள். எந்த உதாரணம் ஒன்றில் தேறி மற்றதில் விழுகிறதோ அதற்குக் கீழே வெர்ஷன் குறிப்பு எழுத வேண்டும்.